தாடை வந்த வழி

குத்துச்சண்டைக் கூடத்தில் அவருக்குத் 'தாடை' என்றுதான் பெயர். முன்னுக்குத் துருத்திய அந்தத் தாடையைத் தட்டிக்காட்டி, "இது கடவுள் குடுத்ததில்லடா, எதிராளிங்க குத்திக் குத்திச் செஞ்சு குடுத்தது" என்று பழக வருகிறவர்களிடம் பீற்றிக்கொள்வார். பெண் பார்க்கப் போன வீட்டிலும் இதையேதான் சொன்னார். பிறக்கிற பிள்ளைக்கும் வந்துவிடுமோ என்று மாமியார் தயங்கினாராம். அந்த ஒரு பொய்யில் கல்யாணம் கூடிவந்தது.

இப்போது பதினைந்து வயது மகளுக்கும் தாடை நீண்டுகொண்டு வருகிறது. அப்பாவிடமே குத்துப் பழகுகிறவள். வரும் மாதம் முதல் போட்டி. போன வாரம் கையுறைகளை ஆணியில் மாட்டிவிட்டு, "நான் இனிமே வரலப்பா. இன்னும் நாலு குத்து வாங்குனா அச்சு அசல் உங்க மூஞ்சிதான்" என்றுவிட்டாள்.

குத்தினால் தாடை வளராது என்று டாக்டர் வாயாலேயே அவளுக்குச் சொல்லவைக்கக் கூட்டிப்போனார். பல் டாக்டர் இரண்டு பேரின் எக்ஸ்ரே படங்களையும் விளக்குப் பலகையில் செருகினார். "உங்க மூக்கு உடைஞ்சிருக்கு, அது குத்துல. தாடையில ஒரு கீறல்கூட இல்ல சார். குத்து எலும்பை உடைக்கும். இப்படி வளர்த்து விடாது. இது பரம்பரை. வீட்டுல வேற யாருக்கு இருக்கு?"

"யாருக்கும் இல்ல" என்றது வாய், பழக்கதோஷத்தில்.

"அப்ப குத்துதான்." மகள் எழுந்துவிட்டாள்.

அவர் அவள் கையைப் பிடித்தார். "உக்காரும்மா. எங்க அக்காவுக்கு இருக்கு. என்னைவிடப் பெருசு. ஒரு குத்துகூட மூஞ்சில வாங்குனதில்ல அவ."

"எனக்கு அத்தை இருக்காங்களா?"

இருந்தாள். தலையணையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து, தம்பிக்கு முதல் குத்துப் பழக்கியவள். அவள் முகத்தைப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும் என்று, கல்யாணத்துக்கு வராதே என்றவர் இவர்தான். அன்றிலிருந்து இல்லாதவளாகவே ஆக்கிவிட்டார். பதினேழு வருஷம்.

"போன் போடுங்க."

நம்பர் மனப்பாடம். போட்டார், "அக்கா" என்றார். மகள் போனைப் பிடுங்கிக்கொண்டாள். "அத்தை, நான் உங்க தம்பி பொண்ணு. உங்க தாடை எனக்கு வந்திருக்காம்."

மறுமுனையில் அக்காவின் குரல். "உனக்குமா கண்ணு? யாராச்சும் கேலி பண்றாங்களா?"

"பண்ணா விடுவேன் ஒண்ணு! வர்ற மாசம் எனக்குப் போட்டி, நீங்க வரணும்."

"வரலாமான்னு உங்கப்பாவைக் கேட்டுச் சொல்லும்மா."

அது அவர் காதிலும் விழுந்தது. டாக்டர் உறையில் போட்டு நீட்டிய படங்களை வாங்கக்கூட அவரால் தலை நிமிர முடியவில்லை.