நானூற்றுத் தொண்ணூறு பலூன்கள்

மன்னிப்புக்காக எங்கள் சபை நானூற்றுத் தொண்ணூறு பலூன்களை ஊதியது. யோசனை பாஸ்டருடையது. சகோதரனை ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொன்னார் ஆண்டவர். ஏழெழுபது நானூற்றுத் தொண்ணூறு. ஆகவே அத்தனை பலூன். வாலிபர் சங்கம் சனிக்கிழமை முழுக்க ஊதிக் கன்னம் வீங்கி, வாசலிலிருந்து பீடம் வரை சரமாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தது. உள்ளே நுழைந்தால் ரப்பர் நாற்றம் குமட்டியது. பகை தீர்க்கும் ஒப்புரவுக்கு இப்படி ஒரு வாசனை இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

நான் சபையின் மைக் ஆள். கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு மேஜை, அதன்மேல் சத்தத்தை ஏற்றி இறக்கும் ஒலிப்பெட்டி, ஒரு சோதனை மைக். இதுதான் என் ஊழியம். எல்லோரும் என்னை 'மைக்கு' என்றே கூப்பிடுவார்கள். வாரநாட்களில் சலவை ஆலையில் மெக்கானிக். அந்த ஆலையின் மேலாளரே எங்கள் சபைச் செயலர். ஆறு நாள் அவர் சொல்லும் இயந்திரத்தை ஓட்டுவேன், ஏழாம் நாள் அவர் பேசும் மைக்கை. ஓய்வுநாள் என்பது எனக்கு முதலாளியின் குரல் கொஞ்சம் கூடுதல் சத்தத்தில் கேட்கும் நாள்.

அன்றைய ஆராதனையின் உச்சக்கட்டம், எங்கள் சபையில் தையல்கடை வைத்திருக்கும் தையலக்கா செயலரை மன்னிப்பது.

தையலக்காவின் தம்பி எங்கள் ஆலையில் படுக்கை விரிப்பு தேய்க்கும் இயந்திரத்தில் இருந்தான். இரண்டு சூடான உருளைகள், நடுவில் விரிப்பு போகும். முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. விரல் அதில் பட்டால் இயந்திரம் நின்றுவிடும். போன வருடம் உருளைக்குள் அவன் வலது கை மணிக்கட்டு வரை போனது. விபத்து அறிக்கையில் செயலர் எழுதினார்: 'பணி நேரத்தில் குடித்திருந்தார்.'

திருவிருந்துக் கிண்ணத்துத் திராட்சரசத்தையே முகம் சுளித்துக்கொண்டு வாங்குகிறவன் அவன். ஆனால் எழுத்தில் வந்துவிட்டதற்கு என்ன மறுப்பு? ஆராதனை முடிவில் ஒருவருக்கொருவர் "சமாதானம்" சொல்லிக் கை கொடுப்போம் அல்லவா, அப்போது நம் சகோதர சகோதரிகள் அவனுடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கூடுதலாகக் குனிவார்கள். மூக்கு விடைக்கும். சமாதானம் சொல்லும் சாக்கில் வாயை மோந்து பார்ப்பார்கள். மூன்று ஞாயிறு பொறுத்தான். நாலாவது ஞாயிறு வரவில்லை. அதற்குப் பிறகு வரவே இல்லை.

அக்கா பேராயருக்குப் புகார் எழுதினாள். எட்டு மாதம் ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. இப்போது செயலர் பேராய மன்றத் தேர்தலில் நிற்கிறார். புகார் நிலுவையில் இருந்தால் பெயர் பட்டியலிலிருந்து அடிபட்டுப் போகும். உடனே எல்லோருக்கும் ஆண்டவருடைய மன்னிப்பு ஞாபகம் வந்துவிட்டது.

வியாழக்கிழமை பாஸ்டர் அறையில் பேச்சுவார்த்தை. பாஸ்டருடைய சட்டை மைக்குக்கு பேட்டரி மாற்றிக்கொண்டு நானும் மூலையில் இருந்தேன். அக்கா அளவு நாடா கழுத்தில் தொங்க, கடையிலிருந்து நேராக வந்திருந்தாள்.

"நான் எதுக்கு பாஸ்டரையா மன்னிக்கணும்? கை அவனோடது."

"தம்பி வரமாட்டேங்கறாரேம்மா. குடும்பத்துல ஒருத்தர் மன்னிச்சா போதும்."

"கல்யாணப் பத்திரிகை மாதிரியா? வீட்டுக்கு ஒண்ணு?"

செயலர் நெஞ்சில் கை வைத்தார். "பாருங்கம்மா, நான் மனசுல ஒண்ணும் வெச்சுக்கல. உங்க குடும்பத்தை நான் எப்பவோ மன்னிச்சிட்டேன்."

பேட்டரி என் கையிலிருந்து விழுந்து உருண்டது.

அக்கா அவரைச் சற்று நேரம் பார்த்தாள், தைக்க வந்த துணியில் ஓட்டை தேடுகிறவளைப் போல. "மன்னிக்க மாட்டேன்னு நான் சொல்லல. தினம் ஜெபத்துல உங்க பேரச் சொல்லித்தான் அழறேன். என்ன நடந்துச்சுன்னு சபை முன்னாடி உங்க வாயால சொல்லுங்க. அவன் குடிக்கலன்னு சொல்லுங்க. அந்த நொடியே மன்னிக்கிறேன். புகாரையும் திருப்பி வாங்கிக்கிறேன். அவன் மறுபடி வந்து பெஞ்சுல உக்காரணும், அவ்வளவுதான்."

"சொல்லுவார், சொல்லுவார்," என்றார் பாஸ்டர், பலூன் பாக்கெட்டைப் பிரித்தபடி.

என்ன நடந்தது என்பது அந்த அறையில் இன்னொரு ஆளுக்கும் தெரியும். விரிப்பு சுருங்கித் தடுப்புக் கம்பியில் இடித்து இடித்து இயந்திரம் நின்றதால் வேலை தாமதமானது. "கழட்டிப் போடுப்பா அந்தச் சனியனை" என்றார் செயலர். கழற்றியது நான். விசாரணைக்கு ஆள் வருவதற்குள் மறுபடி பூட்டியதும் நான். குடித்திருந்தான் என்ற அறிக்கையில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டதும் நானே. கையெழுத்துப் போட்ட மறுநாள் ஞாயிறு. பாஸ்டர் குரல் கணீரென்று கேட்க வேண்டுமே என்று மைக்கைத் துடைத்து வைத்தேன்.

ஞாயிறு வந்தது. செயலர் வெள்ளைக் கோட்டில் பீடமேறினார். தான் எவ்வளவு எளியவன் என்பதை விளக்கப் பன்னிரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டார். பிறகு கைக்குட்டையை உலர்ந்த கண்ணில் ஒற்றிக்கொண்டு சொன்னார்: "தெரிஞ்சோ தெரியாமலோ, யார் மனசையாவது புண்படுத்தியிருந்தா, தாழ்மையோட மன்னிப்பு கேட்டுக்கறேன்."

ஆமென் என்றார்கள். ஒருவர் கைகூடத் தட்டினார். பாஸ்டர் அக்காவைப் பீடத்துக்கு அழைத்து மைக்கை நீட்டினார்.

"எதுக்கு?" என்றாள் அக்கா.

பாஸ்டர் சிரித்தார். "மன்னிச்சேன்னு மட்டும் சொல்லும்மா."

"எதுக்குன்னுதான் கேக்கறேன். அவர் இன்னும் ஒண்ணும் சொல்லலியே. அந்த மெஷின்ல இருந்த கம்பி—"

செயலர் மூக்குக்கண்ணாடியைத் தொட்டார். அது எங்களுக்குள் ஏற்பாடு. பொதுக்குழுவில் யாராவது கேள்வி கேட்டால் அவர் கண்ணாடியைத் தொடுவார், நான் மைக்கின் சத்தத்தை இறக்குவேன், பிறகு 'கரெண்ட்டு கோளாறு' என்பேன். பத்து வருடப் பழக்கம். என் விரல் என்னைக் கேட்கவில்லை. இறக்கிவிட்டது.

அக்காவின் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. பாடகர் குழு இதற்கென்றே காத்திருந்ததுபோல் எழுந்து பாடத் தொடங்கியது. "ஒப்புரவு நிறைவேறிற்று!" என்றார் பாஸ்டர்.

அக்கா செயலரைப் பார்க்கவில்லை. இத்தனை பலூன்களுக்கும் நடுவே நேராக என்னைப் பார்த்தாள். ஏதோ நாறியது. ரப்பர் நாற்றம் என்று நினைத்தேன். இல்லை, அது நான்தான்.

பாடகர் குழுவின் மைக்கை இறக்கினேன். சோதனை மைக்கை ஏற்றினேன். அதில் 'ஹலோ, ஒன், டூ' தவிர வேறெதையும் நான் சொன்னதில்லை.

"கம்பியக் கழட்டினது நான். கழட்டச் சொன்னது செயலர். அந்தப் பையன் குடிக்கல. குடிச்சான்னு பொய்க் கையெழுத்து போட்டதும் நான்."

எங்கோ ஒரு பலூன் வெடித்தது.

"மைக்கை நிறுத்துங்க! யாராவது மைக்கை நிறுத்துங்க!" என்று பாஸ்டர் கத்தினார். நிறுத்த வேண்டிய ஆள்தான் பேசிக்கொண்டிருந்தான். செயலர் பாஸ்டரின் தோளைப் பிடித்து, சட்டை மைக்குக்கு வெகு அருகே குனிந்து சொன்னார். அத்தனை ஸ்பீக்கரிலும் கேட்டது.

"இவன் குடிச்சிருக்கான்!"

முன்வரிசைகளில் மூன்று ஞாயிறு தம்பியை மோந்து பார்த்த மூக்குகள் ஒவ்வொன்றாகக் கீழே குனிந்தன. செயலருக்கும் புரிந்திருக்க வேண்டும். கண்ணாடியைத் தொட்டார். தொட்டுக்கொண்டே நின்றார்.

அக்கா பீடத்திலிருந்து இறங்கும்முன் அவரிடம் போனாள். "நீங்க என்னிக்குச் சொல்றீங்களோ அன்னிக்கு வாங்க. மன்னிப்பு வீட்டுலதான் இருக்கு, எங்கயும் போகாது. புகாரும் அப்படியேதான் இருக்கும்."

பிறகு என் மேஜைக்கு வந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் கை காட்டி நிறுத்தினாள். "எங்கிட்ட வேணாம். வீட்டுக்கு வா. அவன்கிட்ட சொல்லு."

தம்பி இடது கையால் கதவைத் திறந்தான். நின்றபடியே சொன்னேன். கம்பி, திருகாணி, கையெழுத்து, புகாருக்குப் பிறகும் வாயைத் திறக்காத எட்டு மாதம், இன்று காலை விரல் செய்தது வரை. தெரிஞ்சோ தெரியாமலோ என்று சொல்லவில்லை. தெரிந்தே செய்தேன் என்றேன். செயலர் கடைசியாகக் கத்தியதையும் சொன்னேன்.

அவன் என் முகத்துக்கு வெகு அருகில் வந்தான்.

"நீ குடிச்சிருக்கன்னு சொன்னாரா? எங்க, வாய ஊதிக் காட்டு."

"தம்பி..."

"ஊதுண்ணே. மூணு வாரம் நான் ஊதல?"

ஊதினேன். காலையிலிருந்து தண்ணீர்கூடப் படாத வாய், நாறியிருக்கும். அவன் மோந்து பார்த்தான். முகத்தைச் சுளித்தான்.

"சாராயம் இல்லக்கா," என்று உள்ளே பார்த்துச் சொன்னான். "வெறும் நாத்தம்தான். உள்ள வரச் சொல்லு."