சருவம் எடுக்கப் போனவன்

பட்டப்பகலில் புருஷன் டெஸ்மண்ட் சோபாவில் குறட்டை விட்டதை றெபேக்கா பெரும் பாக்கியமாக நினைத்தாள். மாசி மாதம் வோபர்ன் பஸ் தரிப்பிடத்தில், மகன் றொய்சனை, யாரையோ தேடி வந்த பொலிஸ்காரர் காரோடு சாய்த்துச் சோதனையிட்ட நாளோடு அந்த மனிதனுக்கு நித்திரை போய்விட்டது. இரவில் வாசல் பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பான். மகன் படுத்த பிறகும் ஜன்னலடியில் நிற்பான். மாத்திரையும் சரிவரவில்லை. ஜமேக்காவிலிருந்து வந்த கறுப்பினத்தவரான அவனுடைய தகப்பனும் இப்படித்தான் விழித்துக் கிடந்தாராம்.

அவனுக்கு ஒரு சட்டம் இருந்தது. ஆளில்லாத வீட்டுக்குள், சொந்தக்காரர் வீடானாலும், றொய்சன் கால் வைக்கக்கூடாது. எங்கள் தமிழ் ஆட்களுக்கு இது விளங்குமா? ஸ்ரௌவ்வில்லில் இருக்கும் அக்கா கிறிஸ்ரினா வீட்டுக் கராஜ் கதவைத் திறக்கும் இலக்கம் பாதிச் சொந்தத்துக்குத் தெரியும். சட்டிபானை தேவைப்பட்டவர்கள் திறப்பார்கள், எடுப்பார்கள், போவார்கள். டெஸ்மண்ட் வீணாகப் பயப்படுகிறான் என்றுதான் றெபேக்கா நினைத்திருந்தாள்.

நாளைக்குத் தேவாலயத்தில் மகள் ஜெசிகாவுக்கு முதல்நன்மைச் சடங்கு. ஆட்டுக்கறி காய்ச்ச அக்காவின் பெரிய அலுமினியச் சருவம் வேண்டும். அக்காவோ வேலையில்.

"அப்பாவை எழுப்பாதை. நீ காரை எடுத்துக்கொண்டு போய் எடுத்துவா, ராசா."

"அப்பா வேண்டாம் எண்டெல்லோ சொல்லுறவர்?"

"உது பெரியம்மா வீடடா! உன்னை ஆர் கேக்கப்போயினம்?"

போய்ச் சேர்ந்ததும் றொய்சன் இயர்போனில் கதைத்தான். "எடுத்திட்டன், அம்மா. சரியான பெருசு, ரெண்டு கையும் வேணும்." கராஜ் கதவு இறங்கும் சத்தம் கேட்டது. பிறகு குரல் சுருங்கியது. "அம்மா. பொலிஸ்."

கையைக் காட்டு என்று ஒருவன் ஆங்கிலத்தில் கத்தினான்.

"அம்மா, கீழை வைக்கவோ, வைச்சிருக்கவோ?"

வைத்தால் என்ன ஆகும், வைக்காவிட்டால் என்ன ஆகும், றெபேக்காவுக்குத் தெரியாது. டெஸ்மண்டுக்குத் தெரியும். அவனோ வாயைத் திறந்தபடி குழந்தைபோல் கிடந்தான். அவள் அவனுடைய தோளைத் தொடக் கை நீட்டினாள்.

அதற்குள் றொய்சன் பேசத் தொடங்கிவிட்டான். ஐயா, மெதுவாகக் குனிந்து இதைக் கீழே வைக்கப்போகிறேன் என்று, ஒவ்வொரு சொல்லாக, அவன் வயதுக்கே பொருந்தாத பணிவோடு ஆங்கிலத்தில் சொன்னான். தகப்பன் பழக்கிய பேச்சு அது. அலுமினியம் சீமெந்தில் முட்டியது. "நான் அவன்ர தாய்! அது என்ர அக்கா வீடு!" என்று றெபேக்கா கத்தினாள். இயர்போனுக்குள் கத்தி யாருக்குக் கேட்கும்?

பிறகு, தூரத்தில், தெரிந்த ஒரு தமிழ்க் குரல் ஓடி வந்தது.

"ஐயோ, உவன் றெபேக்கான்ர பெடியனெல்லோ! நான் ஆரோ கறுவல் எண்டு நினைச்செல்லோ பொலிசுக்குப் போன் அடிச்சனான்!"

எதிர்வீட்டுச் சண்முகலிங்கம் அண்ணை. றெபேக்காவின் கலியாணத்தில் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, டெஸ்மண்டைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்த மனிதர்.

வீட்டுக்கு வந்த றொய்சன் சருவத்தைக் குசினியில் இறக்கினான். அவள் அணைக்கப் போனாள், விலகினான்.

"அந்த அங்கிள் சொன்னது எனக்கு விளங்கினது, அம்மா."

என் வாயால்தானே அனுப்பினேன் என்று அவளுக்கு நெஞ்சு எரிந்தது. "மன்னிச்சுக்கொள்ளடா."

"அப்பாட்டைச் சொல்லாதேங்கோ. இப்பதான் நித்திரை கொள்ளுறார்."

கத்தியபோதும் எழும்பாத டெஸ்மண்ட் கொஞ்ச நேரத்தில் தானாகவே எழும்பிச் சோம்பல் முறித்தான். முகம் தெளிந்திருந்தது. சருவத்தைக் கண்டு, கிறிஸ்ரினா கொண்டுவந்தாளா என்று சிரித்தபடி கேட்டான்.

ஓம் என்றான் றொய்சன். சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தான். திரும்பி இரண்டடி வைத்தவன், மறுபடி போய் இழுத்தான்.

டெஸ்மண்டின் சிரிப்பு நின்றுவிட்டது. மகனுடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்கே போயிருந்தாய்?" என்று கேட்டான்.