பசை அக்காவின் பதினேழு செடிகள்

உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டி அலமாரியில் அடுக்குவதுதான் அவள் வேலை. பத்தொன்பது வருஷமாகச் செய்வதால் அந்தத் தாவரக் காப்பகத்தில் அவளுக்குப் 'பசை அக்கா' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அண்ணன் துளைபோடும் கல்குவாரிக்கு ஒருநாள், அவன் மறந்துவிட்டுப் போன கண்ணாடியைக் கொடுக்கப் போனாள். பாறை இடுக்கில் ஊதாப் பூ விட்ட குட்டிச் செடி. இலையின் அடிப்புறமெல்லாம் கொக்கி போல வளைந்த முடி. குனிந்து உற்றுப் பார்த்தாள். இப்படி ஒன்றை அவள் ஒட்டியதே இல்லை. ஒரு கிளையை மட்டும் கிள்ளி வந்து, காப்பகத்தில் இருந்த அந்தத் தாவரக் குடும்பத்தின் முந்நூற்றுச் சொச்சம் தாள்களையும் லென்ஸ் வைத்துப் பார்த்தாள். எதிலும் கொக்கி இல்லை.

காப்பகத்தின் இயக்குநரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "உனக்கெதுக்கும்மா இதெல்லாம்? ஒட்டுறத ஒழுங்கா ஒட்டு."

"சரி சார். தாள்ல என்ன பேர் எழுதி ஒட்டட்டும்?"

அவர் ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

அவளே அளந்தாள், வரைந்தாள், புது இனம் என்று விவரித்துக் கட்டுரை எழுதி அனுப்பினாள். ஆய்விதழ் இரண்டு முறை திருப்பி அனுப்பியது. மூன்றாம் முறை, முற்றிய காயின் அளவு வேண்டும் என்றது. குவாரிக்கு ஓடினாள். தேடித் தேடி எண்ணியும் மொத்தம் பதினேழு செடிதான். அத்தனையும் சிவப்புப் பெயிண்ட் அடித்த பாறையில். மறுநாள் அதில் துளை போட்டு வெடி வைக்கப் போகிறார்கள்.

வெடியைத் தடுக்கச் சொல்லி வனத்துறையில் மனு கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அண்ணன் கொதித்தான். "ஒரு புல்பூண்டுக்காக என் சோத்துல மண்ணள்ளிப் போடுறியா?"

"உன் மிஷின அந்தப் பக்கம் நகர்த்திக்கலாம்ணே. செடி எங்க போகும்?"

விடிந்ததும் போய்ப் பாறைமேல் உட்கார்ந்துவிட்டாள். குவாரி மேலாளர் கத்திப் பார்த்தார், அவள் அசையவில்லை. "நீ துளையப் போடுய்யா, சத்தத்துல தானா ஓடிடுவா" என்றார் அண்ணனிடம்.

அண்ணன் இயந்திரத்தை அணைத்து, சாவியை அவர் கையில் திணித்தான். "எனக்கும் அவளுக்கும் ஆயிரம் சண்டை. அது எங்க வீட்டு விஷயம். அவ உக்காந்திருக்கிற கல்லுல நான் துளை போட மாட்டேன்."

மதியம் வனத்துறை ஆள் தடை உத்தரவோடு வந்தார்.

முற்றிய காயின் அளவையும் சேர்த்து அவள் அனுப்பிய கட்டுரை ஏற்கப்பட்டதும் இயக்குநர் சிரித்துக்கொண்டே வந்தார். "முதல் பேரா என் பேரப் போட்டுடும்மா, மதிப்பா இருக்கும்."

"அந்தக் கொக்கி முடி எத்தன மில்லிமீட்டர் சார்?"

அவளுடைய ஒற்றைப் பெயரோடுதான் கட்டுரை வெளிவந்தது. அண்ணனை வேறு பாறைக்கு மாற்றினார்கள். இரண்டு மாதம் அவன் அவளோடு பேசவில்லை. குவாரி முதலாளி தடையை நீக்கச் சொல்லி வழக்குப் போட்டார். அவள் இயக்குநர் மேஜையில் விடுப்புக் கடிதத்தை வைத்தாள். காரணம் என்ற இடத்தில், 'சாட்சி சொல்லப் போகிறேன்' என்று எழுதியிருந்தாள்.