தனசேகரனின் கனல்

காஞ்சிபுரத்தில் கோயில்களை எண்ணினாலும் எண்ணிவிடலாம், குழுக்களை எண்ண முடியாது. நான்கு குடிகள் வாழும் ஊர் இது. மண்குடி, நீர்க்குடி, தீக்குடி, காற்றுக்குடி. நாலு பேருக்குமே இது புண்ணிய பூமி. அதனால்தான் ஒருவரையொருவர் இத்தனை பக்தியோடு வெறுக்கிறார்கள். நீர்க்குடியில் கோயிலுக்குப் போகிறவர் உண்டு, பள்ளிவாசலுக்குப் போகிறவர் உண்டு, மாதா கோயிலுக்குப் போகிறவரும் உண்டு. மற்ற மூன்று குடிகளிலும் அப்படியே. ஒரு பிரிவினை போதாதென்று ஆண்டவன் இரண்டாகக் கொடுத்துவிட்டான். அவனுக்கும் பொழுது போக வேண்டுமே.

கங்கையம்மாள் நீர்க்குடி. ஐம்பத்தைந்து வயது. எந்நேரமும் ஈரக் கை, நடந்த இடமெல்லாம் ஈரத் தடம். செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவாள். அவள் எழுந்த சீட்டில் உட்கார யோசிக்கிறவர்களைப் பார்த்து, "தொடச்சிட்டு உக்காரு, கரைஞ்சி பூட மாட்ட" என்பாள். வாய் அப்படி. அந்த வாய்க்கு பயந்தே ஊரில் பாதிப் பேர் அவளிடம் நல்லபடியாக நடந்துகொண்டார்கள்.

முப்பது வருஷமாக அவளுக்கு ஒரே சாயப்பட்டறையில் வேலை. கொப்பரையில் சாயம் காய்ச்சிப் பட்டு நூலைத் தோய்ப்பவன் தனசேகரன். அவன் தீக்குடி. விறகை அடுக்கி, வெறும் உள்ளங்கையை வைத்தே பற்ற வைப்பான். கோபம் வந்தால் சட்டைக் காலர் புகையும். அவன் தோய்த்துப் போட்ட நூலைத் தொட்டித் தண்ணீரில் அலசுவது கங்கையம்மாள். இவர்கள் இருவரும் ஒரு நாளாவது சண்டை போடாமல் இருந்ததாகப் பட்டறையில் யாருக்கும் ஞாபகமில்லை.

"அரக்குன்னா அரக்கா வரணும்யா. இன்னாய்யா இது, பீட்ரூட் பொரியலா?"

"அலசறவளுக்கு கலர பத்தி இன்னா தெரியும்? உன் வேல தண்ணியோட."

"கண்ணு எனக்கும் இருக்குது. உனக்குத்தான் அது அவிஞ்சி போச்சி."

காலர் புகையும். அவள் ஈரக் கையை உதறி அதை அவிப்பாள். பிறகு இருவரும் வேலையைப் பார்ப்பார்கள். மார்கழி வந்தால் மட்டும் அவனுடைய வலது உள்ளங்கை வெடித்துக் கிடக்கும். தீக்குடியான் கையில் தண்ணீர் பட்டால்தான் அப்படி வெடிக்கும். "இன்னாய்யா கை?" என்று கேட்டால், "பித்தம்" என்பான். செவிலிமேட்டில் வீட்டுக்குப் பக்கத்திலேயே கங்கையம்மாளுக்கு இரண்டு முறை வேலை வந்தது. போகவில்லை. கேட்டால், "அந்தத் தண்ணி சரியில்ல" என்பாள். ஆக, இரண்டு பேருமே பொய் சொல்வதில் மட்டமானவர்கள்.

இந்த லட்சணத்தில்தான் ஊரில் வளைவுப் பிரச்சினை வந்தது. குளக்கரையில் 'நான்கு குடிகளின் திருநகரம்' என்று வரவேற்பு வளைவு கட்டினார்கள். கட்டி முடித்துக் குடிகளின் பெயரை எழுதப் போகும்போதுதான் எந்தப் பெயர் முதலில் என்று கேள்வி வந்தது. உடனே நல்லிணக்கக் குழு ஒன்று அமைத்தார்கள். அதுவரை சும்மா முறைத்துக்கொண்டிருந்த ஜனங்கள், நல்லிணக்கம் வந்தபிறகு முறையாகச் சண்டை போட்டார்கள். ஏழு மாதம் ஆயிற்று. வளைவு வழுக்கைத் தலையாக நிற்கிறது.

நீர்க்குடித் தலைவர் சீனிவாசன் கட்டளை போட்டார்: "நம்ம பேரு முதல்ல வர்ற வரைக்கும் தீக்குடிக் கனலுக்கு நீர்க்குடிக் கை கிடையாது. மீறினவங்க குளத்துல இறங்கக் கூடாது." அமாவாசைக்கு அமாவாசை குளத்தில் முழுகாவிட்டால் நீர்க்குடிக்குத் தோல் வெடித்துப்போகும். ஆகவே எல்லோரும் அடங்கினார்கள்.

கனல் என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். தீக்குடியில் ஒருவர் செத்தால் உடம்பு தானாக எரிந்து, எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு கனல் மிஞ்சும். அன்று விளக்கு வைக்கிற நேரத்துக்குள் அதை ஆற்ற வேண்டும். தீக்குடியால் அது ஆகாது. நீர்க்குடிக் கைதான் ஆற்ற வேண்டும், காற்றுக்குடி புகையைக் கொண்டுபோக வேண்டும், மண்குடி சாம்பலை ஏற்க வேண்டும். இந்த ஊரில் எவனும் தன் ஜனத்தை மட்டும் வைத்துக்கொண்டு செத்துப்போய்விட முடியாது. இதுவும் போதாதென்று இன்னொரு விதி. ஆற்றுகிறவர், செத்தவரைப் பற்றி அதுவரை வாய்விட்டுச் சொல்லாத ஒரு மெய்யைச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் ஆறும். நேரம் தவறிவிட்டால் கனல் பிறகு ஆறவே ஆறாது. நினைவோடு எரிந்துகொண்டே இருக்கும். கூரம் போகிற வழியில் ஒரு கொட்டகையில் அப்படி மூன்று பானைகள் இருக்கின்றன. மூன்றும் இந்த வளைவு கொடுத்த வரம். அந்த வழியில் போகிறவர்கள் எல்லோருக்கும் அந்த இடத்தில் மட்டும் போன் வந்துவிடும், குனிந்துகொண்டே போவார்கள்.

மார்கழி பத்தாம் நாள் காலையில் தனசேகரன் செத்தான். முசரவாக்கத்து வீட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அவன் மனைவி லில்லி, பானையை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் பட்டறைக்கு வந்தாள். புடவை மடி கருகியிருந்தது.

"அக்கா, ஆறு வீடு ஏறி எறங்கிட்டேன். ஒருத்தரும் கதவு தொறக்கல. குளத்துக்குப் பயப்படுறாங்க. உங்களைத்தான் நம்பி வந்திருக்கேன்."

கங்கையம்மாள் பானைக்குள் பார்த்தாள். சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்தான். செத்த பிறகாவது சரியான அரக்கு வந்திருக்கிறது என்று நினைத்தாள். சத்தமாகச் செருமினாள்.

"அழாத லில்லி. கொட்டாயில போயி உக்கார ஆளா இவன்? பக்கத்துல இருக்கற மூணு பானையும் பைத்தியம் புடிச்சி ஓடும். நான் ஆத்தறேன். அந்தக் குளத்துக்காரங்களுக்கு ஒரு வார்த்த சொல்லிட்டு வரேன், பயந்து ஒளிஞ்சி செஞ்சதா இருக்கக் கூடாது."

நல்லிணக்கக் குழு ஒரு கல்யாண மண்டபத்தில் கூடியிருந்தது. நாலு தலைவர்களுக்கு நாலு ஒரே உயர நாற்காலி, ஒரு வடைத் தட்டு. தட்டு காலி, தீர்மானமும் காலி. கங்கையம்மாள் ஈரக் காலோடு நடுவில் போய் நின்றாள்.

"தனசேகரன் பூட்டான். இன்னிக்கி நான் அவன் கனல ஆத்தப் போறேன். குளத்துல இறங்கக் கூடாதுன்னா இறங்கல. லாரித் தண்ணி ரொப்பற குளம்தானே அது. லாரி எந்த போர்வெல்லுல ரொப்பிக்கினு வருதுன்னு எனக்கும் தெரியும், அந்தத் தண்ணியில முழுகிக்கறேன்."

கட்டளையின் பிடி நழுவுவது தெரிந்து சீனிவாசனுக்கு முகம் வெளுத்தது. தீக்குடித் தலைவர் உமாபதி எழுந்தார். சொந்த ஜனத்துச் சாவு, ஏதாவது சொல்வார் என்று பார்த்தால், சொன்னார்: "எங்க மேல எரக்கப்பட்டு யாரும் ஆத்த வேணாம்மா. எங்க பேரு மொதல்ல வர்ற வரைக்கும் தனசேகரன் எரியட்டும். அவரு எங்க தியாகி."

"அப்ப நீ எரிஞ்சி காட்டு. நல்லா குண்டாதான் இருக்கற, ரொம்ப நாளு வரும்."

மண்குடித் தலைவர் ஷபியுல்லா சிரிப்பை அடக்கினார். மண்குடி அவ்வளவுதான், எதிலும் பாதிதான் செய்வார்கள். காற்றுக்குடித் தலைவி நிக்கத்துக்கு உள்ளூர்ச் செய்திச் சேனல் ஒன்று உண்டு. அவள் அப்போதே போனை எடுத்திருந்தாள். "சார், இத லைவ்ல போட்டா செம வியூஸ் வரும். நீர்க்குடித் தலைவரே தீக்குடிக் கனல ஆத்துறாருன்னு டைட்டில்."

சீனிவாசன் கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளையாகவும் சாவு வீட்டுக்குப் போனால் பிணமாகவும் இருக்க ஆசைப்படுகிற மனுஷர். ஏழு மாதக் கொள்கை ஏழு நொடியில் கரைந்தது. "மனிதநேயம்னு ஒண்ணு இருக்குதில்ல? நானே ஆத்துறேன்" என்றார். கங்கையம்மாள் மறுக்கவில்லை. எவன் கையோ, ஆறினால் சரி. லில்லிக்குக் குளமும் வேண்டாம், வளைவும் வேண்டாம், புருஷன் ஆற வேண்டும்.

ஐந்து மணிக்கு மேல்தான் பட்டறைக்கு வந்து சேர்ந்தார்கள். வெளிச்சம் சரியில்லை என்று நிக்கத் பானையை இரண்டு முறை இடம் மாற்றினாள். ஷபியுல்லா பின்னால் ஒரு கூடை மண்ணோடு நின்றார். சீனிவாசன் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு, கையைக் கனல் மேல் நீட்டி, போனைப் பார்த்துப் பேசினார்:

"அன்பே உருவான தனசேகரன் ஐயா! கோபம் என்றால் என்னவென்றே அறியாதவர்! யாரையும் ஒரு சொல் கடிந்து பேசாதவர்!"

பட்டறை ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கனல் ஒரு முறை விம்மியது. பிறகு வெடித்து முழ உயரத்துக்கு எழும்பியது. பொன்னாடையின் ஜரிகை பற்றிக்கொண்டது. சீனிவாசன், "ஐயோ" என்று கத்திக்கொண்டு தொட்டியைச் சுற்றி ஓடினார். நீர்க்குடித் தலைவருக்குத் தன் கையே தண்ணீர் என்பது அந்த நேரத்தில் மறந்துபோயிற்று. ஷபியுல்லா சாம்பலுக்கு வைத்திருந்த மண்ணை அவர் தலையில் கொட்டி அணைத்தார். இதுவும் லைவில் போனது.

"கனல்ல ஏதோ கோளாறு" என்றார் சீனிவாசன், மண்ணைத் துப்பிக்கொண்டே. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

"கோளாறு இல்ல. செத்தும் அவனுக்குப் பொய் புடிக்கல. நவுரு" என்றாள் கங்கையம்மாள்.

வெளியே வெயில் கூரைக்கு ஏறிவிட்டது. லில்லி தெருவையும் பானையையும் மாறி மாறிப் பார்த்தாள். எதிர்வீட்டில் ஒருத்தி திரி கிள்ளிக்கொண்டிருந்தாள். கங்கையம்மாளுக்குப் பயமே இல்லை. மெய் சொல்ல அவளுக்கென்ன பஞ்சம்? முப்பது வருஷச் சரக்கு இருக்கிறது. உட்கார்ந்து, பானைக்குள் இரண்டு கையையும் விட்டாள்.

"யோவ். நீ ஒரு முன்கோபி."

கனல் அசையவில்லை.

"காசுக்கு ஒதவாத பிடிவாதக்காரன். அரக்கு கேட்டா பீட்ரூட் குடுத்தவன். டீ வாங்கினு வந்தா வழியிலேயே பாதி குடிச்சவன்."

எல்லாமே மெய்தான். லில்லியே தலையாட்டினாள். ஆனால் கனல் அப்படியே இருந்தது. கங்கையம்மாளின் விரல்களிலிருந்து ஆவி கிளம்பியது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இதில் ஒன்றுகூட புதுசில்லை. ஒவ்வொன்றையும் அவன் முகத்துக்கு நேராக ஆயிரம் தடவை சொல்லியாகிவிட்டது. ஊரில் யாரும் சொல்லாததையெல்லாம் சொல்கிற வாய் என்று பெருமைப்பட்டவளிடம் சொல்லாதது ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அதைச் சொல்ல வேண்டிய இடம், அவன் பெண்டாட்டி எதிரில், ஊர்க்குழு எதிரில், போன் எதிரில்.

எதிர்வீட்டுக்காரி விளக்கில் எண்ணெய் ஊற்றினாள்.

"அந்தப் போன கீழ போடு" என்றாள் கங்கையம்மாள். நிக்கத் தயங்கினாள். லில்லி எழுந்து போய் அதைப் பிடுங்கித் தன் கருகிய மடியில் வைத்துக்கொண்டாள். "நீங்க சொல்லுங்கக்கா."

கங்கையம்மாள் குனிந்தாள். குரல் அவளுடையதாகவே இல்லை.

"மார்கழியில எங்க ஜனத்துக்குக் கை மரத்துப் போவும். ஆனா நான் வரும்போது தொட்டித் தண்ணி வெதுவெதுன்னு இருக்கும். நான் வர்றதுக்கு முன்னாடி நீ கைய விட்டு வெச்சிருந்தது எனக்குத் தெரியும்யா. உன் கை வெடிச்சது பித்தம் இல்லன்னும் தெரியும். ஒருநாளும் கேட்டுக்கல. கேட்டா நீ நிறுத்திடுவியோன்னு பயம்."

கனல் மங்கியது. அரக்கு கறுத்து, உள்ளே ஒரு புள்ளி மட்டும் மிச்சம் இருந்தது.

"வீட்டாண்ட வேல வந்துச்சி. போவல. தண்ணி சரியில்லன்னு எல்லாருக்கும் பொய் சொன்னேன். உன்ன திட்டறதுக்கோசரம்தான்யா தினமும் பஸ் ஏறினேன்."

புள்ளி போய்விட்டது. ஒரு நூல் புகை எழுந்தது. நிக்கத் வாயைக் குவித்து ஊதி, அதைக் கூரைக்கு மேல் அனுப்பிவைத்தாள். அன்றைக்கு அவள் செய்த ஒரே நல்ல காரியம் அது. ஷபியுல்லா கூடையில் மீதியிருந்த மண்ணில் சாம்பலை வாங்கிக்கொண்டார். எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது.

லில்லி கங்கையம்மாளின் வெந்த விரல்களைத் தன் முந்தானையில் சுற்றினாள். "மார்கழியில காலைல நாலு மணிக்கே கெளம்பிடுவாரு. எங்கன்னு நான் கேட்டதில்ல. தெரியும்க்கா" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். அவளோடு சேர்ந்து கங்கையம்மாளும் வெட்கமில்லாமல் அழுதாள்.

மண்டபத்துக்குத் திரும்பும் வழியிலேயே குழு, அடுத்த கூட்டத்துக்குத் தேதி குறித்துவிட்டது. கனலை ஆற்றியது நீர்க்குடி என்பதால் நீர்க்குடியின் பெயர்தான் முதலில் என்று சீனிவாசன் வாதாடினார். ஆறியது எங்கள் ஆள் என்று உமாபதி மறுத்தார். வளைவு இன்னும் வழுக்கையாகவே நிற்கிறது.

மறுநாள் காலை கங்கையம்மாள் பஸ் ஏறிப் பட்டறைக்குப் போனாள். கொப்பரையின் கீழே முதலாளி கேஸ் அடுப்பு வைத்திருந்தார். நீலமாக, ஒரே சீராக எரிந்துகொண்டிருந்தது. கழியில் தொங்கிய நூலைப் பார்த்தாள். அச்சு அசல் அரக்கு, குறை சொல்ல ஒன்றுமில்லை. "யோவ்" என்று வாய்வரை வந்ததை விழுங்கினாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தொட்டியருகே உட்கார்ந்து கையை விட்டாள்.

தண்ணீர் சில்லென்று இருந்தது.