ஒருத்தனுக்கு இரண்டு கோடு

பொலிஸ் நிலையத்துச் சுவரில் ஒட்டியிருந்த பெரிய தாளில் றேமண்டின் செவ்வாய்க்கிழமை கிடந்தது. அடியில் மணித்தியாலங்கள், ஓரத்தில் இடங்களின் பெயர்கள். கொட்டாஞ்சேனையில் ஆறரைக்குப் புறப்பட்ட சிவப்புக் கோடு, ஏழரைக்கு ஒருகொடவத்தை கொன்ரெய்னர் யார்ட்டுக்கு ஏறி, பின்னேரம் ஐந்து மட்டும் அங்கேயே நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தது. வேலைக்கு வந்த நேரம் பதிகிற கார்ட் சொன்ன கதை அது. பத்தேகாலுக்கு வெள்ளவத்தையில் ஒரு நீலப்புள்ளி. அது சோதனைச் சாவடிக் கொப்பி சொன்ன கதை. பத்தரைக்கு அதே தெருவில் பஸ்ஸில் குண்டு வெடித்திருந்தது.

"ஒரே நேரத்தில ரெண்டு இடம். நீ என்ன, ஒரே நேரம் ரெண்டு கோயில்ல நிண்ட அந்தோனியாரா?" ஹெந்தளைக்கார இன்ஸ்பெக்டரும் வேதக்காரர்தான், தன் பகிடிக்குத் தானே சிரித்தார்.

றேமண்ட் சிரிக்கவில்லை. வெள்ளவத்தையில் மச்சாள் றஞ்சிதத்தின் ரெலிபோனுக்குக் கனடாவிலிருந்து தன் மகள் எடுப்பாள் என்றுதான் போனவன். அதை முதல் நாளே சொல்லிவிட்டான்.

"ஹரி," என்று சிங்களத்தில் தலையாட்டினார் இன்ஸ்பெக்டர். "நம்பிறன். அப்ப கார்டை அடிச்சது யாரு? உன்னை மறைக்க ஒரு கை இருந்திருக்கு. அந்தக் கையைச் சொல்லு, வீட்ட போ."

கை, கூட வேலைசெய்யும் மஷூருடையது. யார்டில் இதெல்லாம் ஒரு விஷயமா? ஒருத்தனுக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல், இன்னொருத்தனுக்குச் செத்தவீடு. கூட்டாளி மெஷினுக்குள் இரண்டு கார்ட் விடுவான். மஷூருக்காக றேமண்ட் எத்தனை தரம் அடித்திருக்கிறான்!

மூன்று நாள் வாயைக் கட்டினான். நாலாம் நாள் பக்கத்து அறையில் எவனோ கத்திய கத்தலில் பெயர் தானாக வெளியே விழுந்தது.

மஷூரைக் கூட்டிவந்தார்கள். இல்லையென்று சாதிப்பான், தன்னைப் பொய்யனாக்குவான் என்றுதான் றேமண்ட் நினைத்தான். பாழ்பட்டவன், ஒரு சொல் மறுக்கவில்லை.

"நான்தான் அடிச்ச, சேர். இந்த அண்ணன்ட மகள் பேச இருந்த. அதுக்கென்ன?"

இன்ஸ்பெக்டர் றேமண்டின் தாளைக் கிழித்துச் சுருட்டினார். புதுத் தாள் ஒட்டி, தலைப்பில் மஷூரின் பெயரை எழுதினார்.

"குண்டு வெடிக்க முந்தியே இந்த ஆளை வேலையில காட்டியிருக்கிறாய். அப்பிடிச் செய்யச் சொன்னது யாரு?"

மஷூர் திரும்பி றேமண்டைப் பார்த்தான். "ஒருத்தரும் சொல்லல்ல, சேர். நானாத்தான் அடிச்ச."

'நான்தான் கேட்டனான்' என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. றேமண்ட் வாக்குமூலத்தில் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான்.

"மாளிகாவத்தை வீட்ட ஒருக்காச் சொல்லிடுங்க, அண்ணே. பொஞ்சாதி ஹபீலா தேடுவா," என்றான் மஷூர்.

ஓம் என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தவன், மாளிகாவத்தைப் பக்கம் போகாத பஸ்ஸாகப் பார்த்து ஏறினான்.