நாற்காலி: 36.8

நடைக்காரரைக் கூட்டிக்கொண்டு போன பிறகு, அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி ஏழு வருடம் ஆறாமல் இருந்தது. கூட்டிக்கொண்டு போனது ஒரு திங்கட்கிழமை, காலை பத்தே கால் மணிக்கு. வந்தவர்கள் நான்கு பேர். பத்து நிமிஷம் பேசிவிட்டு அனுப்பிவிடுவதாகச் சொன்னார்கள். பாதி டீயை மேஜையில் அப்படியே வைத்துவிட்டுப் போனதால் அவரும் அதை நம்பியிருக்க வேண்டும் என்று பத்திரிகை அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். பேருந்து போகிற இடத்துக்கும் நடந்தே போய்ச் செய்தி கொண்டுவருவார் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். அந்த மாதம் அவர் ஆற்றின் இரண்டு கரைகளிலும் வீடு வீடாக நடந்திருந்தார். புதுப் பாலம் இடிந்து விழுந்ததில் பதினான்கு பேர் இறந்ததாக அரசாங்கம் சொல்லியிருந்தது. அவர் எண்ணியதில் நாற்பத்தொன்று வந்தது. பெயர்களை வரிசையாக எழுதிக்கொண்டிருந்தவரின் பேனா முப்பத்தெட்டாவது பெயரின் நடுவில் நின்றுபோயிருந்தது. அந்தத் தாளையும் குறிப்பேட்டையும் வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். டீயை மட்டும் விட்டுவிட்டார்கள். அது சீக்கிரமே ஆறிவிட்டது.

நாற்காலியை முதலில் கவனித்தவர் அலுவலகத்தைக் கூட்டித் துடைக்கிற அக்கா. நான்காம் நாள் ஈரத்துணியால் துடைத்தபோது ரெக்ஸினில் ஈரம் நிற்கவில்லை. கையை வைத்துப் பார்த்துவிட்டு, "யாரோ இப்பத்தான் எந்திரிச்சுப் போன மாதிரி இருக்கு" என்று பொதுவாகச் சொன்னார். கீழ்த்தளத்தில் அச்சு இயந்திரம் ஓடுகிறது, அந்தச் சூடு மேலே ஏறுகிறது என்றார் விளையாட்டுப் பக்கம் பார்ப்பவர். அப்படியென்றால் மற்ற பதினோரு நாற்காலிகள் என்ன பாவம் செய்தன என்று அக்கா கேட்டார். அவர் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு கிரிக்கெட்டுக்குத் திரும்பிவிட்டார்.

அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டது வானிலைப் பெட்டி தயாரிக்கிற பெண். பத்திரிகையின் ஏழாம் பக்கத்து மூலையில் அதிகபட்ச வெப்பநிலை, குறைந்தபட்சம், ஈரப்பதம், மழை வாய்ப்பு நான்கையும் கட்டம் போட்டுக் கொடுப்பது அவள் வேலை. இயற்பியல் படித்தவள். அலுவலகத்தில் அவளை டிகிரி என்றுதான் கூப்பிடுவார்கள். கூச்சக்காரி. யாராவது முகம் பார்த்துப் பேசினால் பதிலை மேஜைக்குச் சொல்லுவாள். மறுநாள் வீட்டிலிருந்து காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரைக் கொண்டுவந்து, உதறி, நாற்காலியின் இருக்கைக்கும் முதுகுக்கும் நடுவில் செருகி மூன்று நிமிடம் காத்திருந்தாள். 36.8 காட்டியது. நாற்காலியை ஜன்னலோரம் வைத்துப் பார்த்தாள். மாடிப்படிக்குக் கீழே, பழைய தாள்கள் அடுக்கிய குளிர்ந்த அறையில் இரண்டு நாள் பூட்டி வைத்துப் பார்த்தாள். 36.8. ஒப்பிட்டுப் பார்க்க விளையாட்டுப் பக்கக்காரரின் நாற்காலியையும் கூடவே பூட்டி வைத்ததில் அவர் இரண்டு நாள் ஸ்டூலில் உட்கார்ந்து அவளைத் திட்டிக்கொண்டிருந்தார். அவருடைய நாற்காலி அறையின் குளிருக்கு வந்துவிட்டது. டிகிரி நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எல்லாவற்றையும் எழுதி, கடைசியில், "நாற்காலி ஓர் உயிருள்ள மனிதரின் வெப்பநிலையில் இருக்கிறது" என்று முடித்து, ஆசிரியரின் மேஜையில் வைத்துவிட்டு அவர் வருவதற்குள் நகர்ந்துவிட்டாள்.

நடைக்காரரின் மனைவி மருந்துக்கடையில் வேலை பார்த்தார். புதன்கிழமை சாயங்காலம் அவருக்கு விடுப்பு. அன்று காவல் நிலையம், நீதிமன்றம், சிறை என்று வரிசையாகப் போவார். மூன்று இடத்திலும் ஒரே பதில்தான்: "அப்படி யாரும் இங்க இல்லம்மா." சிறை வாசலில் இருந்த எழுத்தர் முதல் வருடம் பதிவேட்டைப் புரட்டிவிட்டுச் சொன்னார், இரண்டாம் வருடம் புரட்டாமல் சொன்னார், மூன்றாம் வருடத்திலிருந்து அவர் தெருமுனையில் வரும்போதே தலையாட்டிவிடுவார். மூன்று இடமும் முடிந்து, கடைசியாக நடைக்காரரின் மனைவி பத்திரிகை அலுவலகத்துக்கு வந்து, நாற்காலியில் உட்காராமல், பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு இருக்கையின் மேல் உள்ளங்கையை வைத்து அரை மணி நேரம் இருப்பார். டிகிரி நடைக்காரரை அண்ணன் என்று கூப்பிட்டவள், அதனால் இவரை அண்ணி என்பாள். இருவரும் பேசிக்கொள்வது குறைவு. டிகிரி அன்றைய எண்ணைச் சொல்லுவாள், அண்ணி தலையசைப்பார்.

அந்தக் காலத்தில் தினமும் ஐந்து மணிக்குத் தணிக்கை அதிகாரி வருவார். வயிற்றுப்புண் உள்ளவர், சட்டைப்பையில் சிவப்புப் பேனாவும் பிஸ்கட்டும் இருக்கும். நடைக்காரரின் பெயர், பாலம், நாற்பத்தொன்று என்ற எண், இவை எதுவும் எந்தப் பக்கத்திலும் வரக்கூடாது என்று உத்தரவு. ஒரு தடவை நாற்பத்தோராவது பிறந்தநாள் வாழ்த்து விளம்பரம்கூட சிவப்புப் பேனாவில் அடிபட்டது. வானிலைப் பெட்டியை மட்டும் அவர் மேலோட்டமாகப் பார்ப்பார். இரண்டாம் வருடம் ஒரு நாள் ஈரப்பதத்துக்குக் கீழே டிகிரி ஐந்தாவதாக ஒரு வரி சேர்த்தாள்: நாற்காலி 36.8. அதிகாரி பேனாவை எடுத்து, இது என்ன என்று கேட்டார். அலுவலகத்தில் ஒரு நாற்காலியின் வெப்பநிலை என்று அவள் மேஜையிடம் சொன்னாள். அவர் எழுந்துபோய்த் தொட்டுப் பார்த்தார். அச்சிட்டிருந்தது உண்மை. உத்தரவில் நாற்காலி இல்லை. கையெழுத்துப் போட்டார்.

அதிலிருந்து ஜனங்கள் பத்திரிகையை ஏழாம் பக்கத்தில் திறந்தார்கள். பேருந்து நடத்துனர்கள் டிக்கெட்டோடு அன்றைய எண்ணையும் சொன்னார்கள். முடிதிருத்தும் கடையில் தலையைக் குனிந்துகொண்டே, "இன்னைக்கு எவ்வளவு?" என்று கேட்பார்கள், எதைப் பற்றி என்று யாரும் திருப்பிக் கேட்டதில்லை. எழுத்துப் படிக்கத் தெரியாத, எண்கள் மட்டும் தெரிந்த துடைக்கிற அக்கா, தன் தெருவுக்கே வானிலை வாசிப்பவர் ஆனார். நான்காம் வருடம் இரண்டு பேர் லாரியோடு வந்து ரசீது கொடுத்து நாற்காலியை ஏற்றிப்போனார்கள். அரசாங்கப் பரிசோதனைக்கூடம் அதைப் பிரித்துப் பார்த்து, பஞ்சு, பலகை, பதினாறு ஆணி என்று அறிக்கை கொடுத்தது. இங்கே அதே இடத்தில் வேறொரு நாற்காலியைப் போட்டார்கள். மத்தியானத்துக்குள் அதுவும் 36.8 ஆகிவிட்டது. இரண்டாவதை எடுக்க யாரும் வரவில்லை. லாரிக்கு வேறு வேலை இருந்திருக்கும்.

ஐந்தாம் வருடம் நாற்காலிக்குப் பதினோரு நாள் காய்ச்சல். அண்ணி மாத்திரை வாங்கிச் சிறை வாசலில் கொடுத்தார். இல்லாத ஆளுக்கு எதற்கு மாத்திரை என்று எழுத்தர் திருப்பிக் கொடுத்துவிட்டார். சூடு தானாக இறங்கியது. ஏழாம் வருடம் மறுபடி ஏறியது. திங்கட்கிழமை 39.6, செவ்வாய்க்கிழமை 40.1. புதன்கிழமை காலை பத்து மணிக்கு 40.2. அன்று இரண்டு மணிக்கு டிகிரி தெர்மாமீட்டரை உதறி வைத்தபோது பாதரசம் ஏறவேயில்லை. காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரில் முப்பத்தைந்துக்குக் கீழே கோடு கிடையாது. அவள் ஜன்னலில் மாட்டியிருந்த வானிலைத் தெர்மாமீட்டரைக் கழற்றிக்கொண்டு வந்தாள். 34.9. மூன்று மணிக்கு 33.4. நான்கு மணிக்கு 32.2. அறையின் வெப்பநிலை 27.4. கல்லூரி ஆய்வகத்தில் வெந்நீர் ஆறுவதை இதேபோல் எழுதியிருக்கிறாள். முதலில் வேகமாக இறங்கும், போகப் போகத் தயங்கும். மூன்று புள்ளிகள் இருந்தால் ஆற ஆரம்பித்த நேரத்தைக் கண்டுபிடித்துவிடலாம். கோட்டை வரைந்து, காலையில் பார்த்த 40.2-ஐத் தொடும் வரை பின்னோக்கி நீட்டினாள். பதினொன்று முப்பத்தாறு என்று வந்தது. அந்த நேரத்தில் அலுவலகத்தில் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். விளையாட்டுப் பக்கக்காரர் ஏதோ சொல்ல, அவளும் சிரித்தது ஞாபகம் வந்தது. கணக்கை இன்னொரு தடவை போட்டுப் பார்த்தாள். பதினொன்று முப்பத்தாறுதான்.

ஆசிரியர் கோழையல்ல. அந்த ஐந்தாவது வரிக்காக இரண்டு தடவை விசாரணைக்குப் போய்வந்தவர். நாற்காலிப் பக்கம் வந்து நின்று மெதுவாகச் சொன்னார்: "டிகிரி, நாற்பதுன்னே போடும்மா. சூடு இருக்கிற வரைக்கும்தான் ஜனங்க கேப்பாங்க. ஆறிப்போச்சுன்னா அவரைச் சேத்து மூட்டை கட்டி வெச்சிடுவாங்க."

அவள் மேஜையைப் பார்த்துக்கொண்டு, "முப்பத்திரண்டு புள்ளி ரெண்டு சார்" என்றாள்.

"எனக்குக் கணக்கு தெரியாதுன்னு நெனச்சியா?"

இதற்குள் அண்ணி வந்திருந்தார். வழக்கம்போல ஸ்டூலை இழுத்துப் போட்டு, உள்ளங்கையை வைத்து, உடனே எடுத்துவிட்டு, மறுபடி வைத்தார். மருந்துக்கடையில் நின்றவர், யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எத்தனை மணிக்கு ஆற ஆரம்பித்தது என்று டிகிரியால் சொல்ல முடியுமா என்று கேட்டார். அவள் சொன்னாள். அந்த நேரத்தில் தான் யாருக்கோ இருமல் மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்ததாக அண்ணி சொன்னார். பிறகு ஆசிரியரிடம் திரும்பினார்.

"நாற்பத்தொண்ணைப் பதினாலுன்னு எழுதியிருந்தா இன்னைக்கு அவர் வீட்ல இருந்திருப்பார். அவர் எடத்துல தப்பான எண் போடாதீங்க. அந்த நேரத்தையும் சேத்துப் போடச் சொல்லுங்க."

ஐந்து மணிக்கு வந்த தணிக்கை அதிகாரி முதல் ஆறு பக்கங்களைப் பார்த்தார். ஏழாம் பக்கத்தில் நாற்காலி 32.2, அதன் பக்கத்தில் முற்பகல் 11.36 என்று இருந்தது. எழுந்துபோய் இருக்கையைத் தொட்டார். திரும்பி வந்து, வானிலையைப் பார்ப்பது தன் வேலை இல்லை என்று சொல்லி, கையெழுத்துப் போட்டு, பிஸ்கட்டை மறந்துவிட்டுப் போனார்.

காலையில் நகரத்தில் யாரும் கோஷம் போடவில்லை. வேலைக்குப் போகிறவர்கள் சிறைத் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் அந்தத் தெருவில் நடக்க இடமில்லை. அமைச்சகத்துக்கு அவசரம் பிடித்துக்கொண்டது. சாயங்காலம் ஓர் அறிக்கை வந்தது. அமைச்சக அறிக்கைகளை முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில், ஒரு புள்ளியும் மாற்றாமல் வெளியிட வேண்டும் என்று அமைச்சகமே போட்ட சட்டம் இருந்தது. அறிக்கையில் நடைக்காரரின் முழுப்பெயர், அப்பா பெயர், வயது, சிறை, அறை எண் எல்லாம் இருந்தன. பாலம் இடிந்ததில் நாற்பத்தொரு பேர் இறந்ததாகப் பொய்யான செய்தி பரப்ப முயன்றதற்காக அவர் அங்கே ஏழு வருடமாக வைக்கப்பட்டிருப்பதாகவும், பூரண நலத்துடன் இருப்பதாகவும், இன்று காலை அவருடைய வெப்பநிலை 36.8 என்றும் எழுதியிருந்தது. பிழை திருத்துபவர் அதை மூன்று தடவை படித்து, எதையும் திருத்தாமல் அச்சுக்கு அனுப்பினார். அதே இதழின் ஏழாம் பக்கத்தில் நாற்காலி 27.4 என்று வந்தது.

அண்ணி அந்த முதல் பக்கத்தை மடித்து எடுத்துக்கொண்டு சிறை வாசலுக்குப் போனார். எழுத்தர் தலையாட்ட ஆரம்பித்து, பக்கத்தைப் படித்து, பாதியில் நிறுத்தினார். ஏழு வருடம் சொன்ன வாக்கியத்தை அவரால் சொல்ல முடியவில்லை. வேறு வாக்கியம் அவருக்குக் கொடுக்கப்பட்டிருக்கவில்லை. நான்காம் நாள் உடலைக் கொடுத்தார்கள். சான்றிதழில் சனிக்கிழமை, மாரடைப்பு என்று இருந்தது. அண்ணி அதை வாங்கி வைத்துக்கொண்டு, வீட்டில் புதன்கிழமை பதினொன்று முப்பத்தாறு என்றே எழுதிக்கொண்டார். அடக்கத்துக்கு ஆற்றின் இரண்டு கரைகளிலிருந்தும், பாலத்தில் ஆளை இழந்த வீட்டுக்கு ஒருவராக நடந்தே வந்தார்கள். எண்ணியவர் விளையாட்டுப் பக்கக்காரர். நாற்பத்தொன்று. முப்பத்தெட்டாவது பெயரையும், அதற்குப் பிறகு எழுதாமல் விட்ட மூன்று பெயர்களையும் அவர்களே சொன்னார்கள்.

பழைய அதிகாரியை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்தவர் இளைஞர், வானிலையை முதலில் படித்தார். நாற்காலி என்ற சொல் போயிற்று. ஆனால் எண்கள் மிஞ்சின, பெயரில்லாமல் பார்த்தால் அவை வெளியூர் வெப்பநிலை போலவே இருந்தன. இதற்குள் மற்ற இடங்களிலிருந்தும் இப்படி ஆறாத நாற்காலிகளைப் பற்றித் தொலைபேசி வர ஆரம்பித்திருந்தது. துறைமுக நகரத்துப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியருடைய நாற்காலி, 37.0. எல்லைக்கு அந்தப் பக்கத்து வானொலி நிலையத்தில் ஒரு முக்காலி, 36.5. கடல் தாண்டி, டிகிரிக்கு மொழி தெரியாத ஒரு நாட்டிலிருந்து ஒரு பெண் எண்ணை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். புகைப்படக்காரருடையது என்பது மட்டும் புரிந்தது. பெட்டியில் பெயரில்லாத எண்கள் பதினேழு வரி வரைக்கும் போயின. ஜனங்கள் அவற்றைப் பார்த்துவிட்டுத்தான் குடை எடுப்பதா வேண்டாமா என்று பார்த்தார்கள்.

டிகிரியைத் தேடி வந்தது ஒரு வியாழக்கிழமை, காலை பத்தரை மணிக்கு. வந்தவர்கள் மூன்று பேர். பத்து நிமிஷம் பேசிவிட்டு அனுப்பிவிடுவதாகச் சொன்னார்கள். அவள் தன் டீயை முழுசாகக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். மேஜை இழுப்பறையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்துத் துடைக்கிற அக்காவின் கையில் கொடுத்தாள். முதல் தடவையாக ஒருவர் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"நல்லா உதறிட்டு வைங்க அக்கா. மூணு நிமிஷம்."

அக்கா அன்று மத்தியானம் அப்படியே செய்தார். மறுநாள் பத்திரிகையில் ஈரப்பதம் 71, மாலையில் மழை பெய்யலாம் என்று இருந்தது. அதற்குக் கீழே பதினெட்டாவது வரியில், பெயர் எதுவும் இல்லாமல், 36.9. மழை சொன்ன நேரத்துக்குப் பெய்தது.