ஷைலாவின் வளையல்

கிளமெண்ட் குவைத்துக்குப் போன மூணாம் மாசமே ஷைலாவின் கை மெலிந்து வளையல் கழன்று விழுந்தது. தூக்கம் போச்சு. சும்மா உட்கார்ந்திருந்தாலும் நெஞ்சு படபடவென்று அடித்தது.

"புருஷன் ஏக்கம்டி, வேற இன்னா?" என்றாள் பக்கத்து லைன் வீட்டு லூயிசா. ஷைலாவும் அதை நம்பி, ஜெபத்தில் அழுதாளே தவிர ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை. ஒரு ஞாயிறு, சர்ச்சில் பாட்டு நடுவே மூச்சு வாங்கி உட்கார்ந்த பிறகுதான் கோலார் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

"முன்ன வந்த தைராய்டு நோய்தான் திரும்பிடுச்சும்மா" என்றார் டாக்டர்.

"ஏக்கமாம் ஏக்கம்! உன் வாயில தீய வைக்க" என்று லூயிசாவிடம் வெடித்தாள் ஷைலா. ஆனால் போன தடவை நோய் வந்தபோது, டீ ஊற்றும் ஷைலாவின் கை நடுங்கியதை முதலில் பார்த்தவன் கிளமெண்ட்தான். இந்தத் தடவை பார்க்க ஆளில்லை.

மறுபடியும் மாத்திரை. ரெண்டு மாசத்தில் நடுக்கம் நின்றது, வளையல் கையில் தங்கியது, தூக்கமும் வந்தது. கிளமெண்ட் முன்பு வேலை முடிந்து வரும் பெங்களூரு ரயில் சாயங்காலம் கூவும்போது வாசலைப் பார்ப்பது மட்டும் நிற்கவில்லை.

"இப்ப எல்லாம் சரியாயிடுச்சா?" என்று போனில் கேட்டான் கிளமெண்ட்.

"தைராய்டு சரியாயிடுச்சு" என்றாள் ஷைலா. "நீங்க எப்ப வர்றீங்க?"